கூடுதல் புள்ளிகள் எங்கே பயன்படும்?

ஒரு படத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துக் காட்டமுடியும் என்பதே அதன் பிரிதிறன். 1982 பெப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு சட்டகத்துக்கு 625 வரிகள். படத்தைத் தாங்குபவை 576. இன்றைய முழு எச்டி திரையில் 1920க்கு 1080 என ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கேயில் அது 83 இலட்சம். 8கேயில் 3 கோடியே 30 இலட்சம். புள்ளிகள் படிக்குப் படி நான்கு மடங்கானாலும், நீளத்திலும் அகலத்திலும் நுணுக்கம் கூடுவது இரு மடங்கே. அதுவும் எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திரை எவ்வளவு உயர்ந்ததாயினும், வந்துசேரும் சமிக்ஞையில் இல்லாததை அது காட்டாது. இந்தியாவின் தூரதர்சன் கொடைக்கானல் மலையிலிருந்து செய்த ஒளிபரப்பை 1980களின் பிற்பகுதியிலிருந்து வட இலங்கைக் கரையோர வீடுகள் உயர்ந்த கம்பங்களில் அன்ரெனா கட்டிப் பார்த்தன. அந்த மலை 2,000 மீற்றருக்கு மேல் உயரமானது. ஆனாலும் மன்னாரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில், பூமியின் வளைவுக்கு அப்பால் இருக்கிறது. கடலின் மேலுள்ள ஈரக்காற்று அடுக்குகள் அலைகளை வளைத்து அனுப்பிய நாட்களில் படம் தெளிந்தது. மற்ற நாட்களில் திரையில் இரைச்சலே மிஞ்சியது. எந்த விலைப் பெட்டியும் அதை மாற்றவில்லை.

அன்று காற்றடுக்குகள் செய்ததை இன்று இணைய வேகம் செய்கிறது. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டிக்கு வினாடிக்கு 5 மெகாபிட்டும், 4கேக்கு 15 மெகாபிட்டும் வேண்டும் என்கிறது. 15 மெகாபிட் வேகத்தில் ஒரு மணிநேரம் பார்த்தால் 6.75 ஜிகாபைட் டேட்டா தீரும். எச்டிக்கு அதில் மூன்றிலொரு பங்கு போதும். வேகம் குறையும்போது செயலி தானாகவே பிரிதிறனைத் தாழ்த்திவிடும். 4கே பெட்டி அந்தப் படத்தைப் பெருப்பித்துத் திரையை நிரப்பும். விடுபட்ட விவரத்தை அது ஊகிக்குமே தவிர மீட்டுத் தராது.

அடுத்த வரம்பு கண். இயல்பான பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 43 அங்குல எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர். ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்தால் அடுத்தடுத்த புள்ளிகள் கண்ணில் ஒன்றாகிவிடும். அதே அளவு 4கே திரை அங்கிருந்து வேறாகத் தெரியாது. கதிரை எட்டு அடி தள்ளி இருந்தால், 4கேயின் நுணுக்கம் தெரியத் திரை 60 அங்குலத்தைத் தாண்டவேண்டும். ஜப்பானின் என்எச்கே 2018 டிசெம்பர் 1 முதல் 8கேயில் ஒளிபரப்புகிறது. 65 அங்குலத் திரையில் அதற்கும் 4கேக்கும் உள்ள வேறுபாட்டைக் காண, பார்ப்பவர் 1.3 மீற்றருக்குள் நெருங்கவேண்டும். மாறாக, கருமையின் ஆழம், ஒளியின் வீச்சு, நிறவளம் ஆகியவற்றில் கிடைக்கும் முன்னேற்றம் எந்தத் தூரத்திலிருந்தும் தெரியும். பல 4கே பெட்டிகள் பழையவற்றைவிட நன்றாகத் தோன்றுவதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

கமராவில் கணக்கு வேறு. எடுத்த படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டிப் பெருப்பிக்க நேரும்போது கூடுதல் புள்ளிகள் உண்மையிலேயே உதவும். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த மன்னாரின் வங்காலைப் பகுதி இதற்கு நல்ல களம். அங்கு குளிர்காலத்தில் கூடும் பூநாரைகள் சேற்றுவெளியில் எட்டவே நிற்கும். 200 மீற்றர் தொலைவில் நிமிர்ந்து நிற்கும் 1.4 மீற்றர் உயரப் பறவையை, 400 மி.மீ. லென்ஸ் பொருத்திய 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கமரா ஏறத்தாழ 470 புள்ளி உயரத்தில் பதியும். 45 மெகாபிக்சல் கமராவில் அது 640 ஆகும். 24 மெகாபிக்சல் கமராவிலேயே 600 மி.மீ. லென்ஸை மாட்டினால் 700 கிடைக்கும். காலில் மாட்டிய அடையாளக் கொடியின் எழுத்தைப் படிக்க விரும்பும் ஆய்வாளருக்கு, மெகாபிக்சலைவிட லென்ஸே பெரிய உதவி. நண்பகலில் வெட்டவெளியின் மேல் வெப்பக்காற்று அலையும்போதும், பலத்த காற்றில் முக்காலி அதிரும்போதும் இரண்டுமே பயனற்றுப்போகும். காலை வேளை பெரும்பாலும் அமைதியானது.

கைபேசியில் எண்கள் இன்னும் ஏமாற்றும். 200 மெகாபிக்சல் கைபேசிகள் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றுசேர்த்து 12.5 மெகாபிக்சல் படமே தருகின்றன. அந்தச் சிறிய லென்ஸ் குவிக்கும் ஒளிப்பொட்டு ஒரு புள்ளியைவிடப் பெரியது என்பதால், தனித்தனிப் புள்ளிகளில் புதிய விவரம் சேருவது குறைவு. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 8.7 மெகாபிக்சல் போதும்.

ஆகவே உயர் பிரிதிறன் படம் எடுப்பவருக்கே முதலில் பயன்படுகிறது. திருமண விழாவை 4கேயில் பதிந்து எச்டியில் கொடுக்கும் ஒளிப்பதிவாளர், தெளிவு குன்றாமல் சட்டகத்தைப் பாதியாக வெட்டலாம், ஆட்டத்தைச் சீராக்கலாம். பார்ப்பவர் திரையின் அளவு, அமரும் தூரம், கிடைக்கும் இணைய வேகம் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே 4கேக்குப் பணம் செலவிடுவது நல்லது. சாதாரண வீட்டுக்கு 8கே தேவையில்லை.