தகட்டின் நடுவே ஒரு குடாநாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. பல ஊர்களில் செம்மண்ணைச் சில முழம் அகழ்ந்தாலே சுண்ணாம்புக்கல் தலைகாட்டும். அக்கல்லை உற்று நோக்குவோர் சிப்பியும் சங்கும் அதனுள் பதிந்திருக்கக் காண்பர். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலின் அடியிற் படிந்த படிவு அது. 1990ஆம் ஆண்டுவரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளானதும் அதுவே. நிலாவரைக் கிணற்றின் ஆழத்தையும் கீரிமலை ஊற்றையும் கண்டு, நிலத்தின் அடியில் நெருப்பு இருக்குமோ என ஐயுறுவதற்கு இடமில்லை. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்துக் குடைந்த பிலங்களின் வேலையே அவை.

அவ்வாறாயின், எரிமலைக்கும் நிலநடுக்கத்துக்கும் இக்குடாநாட்டோடு என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். விடை கிழக்கே, கடலுக்கு அப்பால் இருக்கிறது.

பூமியின் மேலோடு முழுமையான ஒரே ஓடு அன்று. பல பெருந்தகடுகளாகப் பிளவுண்டது. இலங்கையும் இந்தியாவும் ஒரே தகட்டின்மேல் அமர்ந்துள்ளன. அத்தகடு இப்பொழுது ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்றிமீற்றர் வடக்கு நோக்கி நகர்கின்றது. இன்று அறுபது வயதாகும் ஒருவர் பிறந்த வீடு, அவர் பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய 3 மீற்றர் பயணம் செய்திருக்கிறது. வீட்டார் எவரும் அதை உணர்ந்திலர். தகட்டின் நடுப்பகுதி அத்தகையது. குழப்பமெல்லாம் பெரும்பாலும் விளிம்புகளிலேதான்.

விளிம்புகள் மூவகை. இரு தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமிடத்தில் கீழிருந்து உருகிய பாறை எழுந்து புதிய கடற்றரையாகிறது. அரபிக்கடலின் அடியில் அவ்வாறு நிகழ்கிறது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்வதும் உண்டு. மூன்றாவதாகிய மோதலே வலியது. அந்தமான், நிக்கோபார், சுமாத்திராத் தீவுகளின் மேற்கே, குடாநாட்டிலிருந்து ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் தொலைவில், இந்தியத் தகடு அயற்றகட்டின் அடியிற் புகுந்து அமிழ்கின்றது.

அமிழும் பாறை, கடல்நீரையும் தன்னுட்கொண்டே இறங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில் அந்நீர் பிரிந்து மேலெழும். நீர் கலந்த சுடுபாறை, உலர்ந்த பாறையினும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். உருகியது மேலேறி எரிமலையாகிறது. நெருப்பைத் தோற்றுவிப்பது நீர் என்பது வியப்பேயாயினும் உண்மை. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு 1991ஆம் ஆண்டில் மீண்டும் கக்கத் தொடங்கியமைக்கு இதுவே காரணம். திருகோணமலைக் கன்னியாய் வெந்நீரூற்றுகள் இவ்வகையைச் சேர்ந்தன அல்ல. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழச் சென்று, பூமியின் இயல்பான உட்சூட்டில் வெம்மையுற்று மீள்வதே அங்கு நிகழ்வது.

விளிம்பிலன்றித் தகட்டின் நடுவிலும் எரிமலை தோன்றுவதுண்டு. ஆழத்திலிருந்து வெப்பம் ஓரிடத்தில் விடாது மேலெழ, தகடு அதன்மேல் நகர்ந்து செல்லும். எரியும் விளக்கின்மேல் ஓலையை மெல்ல இழுத்தால் கரிந்த கோடு விழுவதைப் போல. இதனை வெப்பப்புள்ளி என்பர். 1963ஆம் ஆண்டில் கனடிய அறிஞர் வில்சன், ஹவாய்த் தீவுகளைக்கொண்டு இதை விளக்கினார். இந்தியத் தகடும் அத்தகைய விளக்கொன்றைக் கடந்து வந்ததே. ஏறக்குறைய 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் கருங்குழம்பு பெருகிப் பரந்தது. எல்லோராக் குகைகள் அப்பாறையிலேயே குடையப்பட்டன. பின்னர் அதே புள்ளி இலட்சத்தீவு, மாலைதீவு ஆகியவற்றின் அடித்தளங்களையும், மொரீசியசையும் படைத்து, இன்று இரியூனியன் தீவில் எரிகின்றது. தமிழர் சென்று குடியேறிய அவ்விரு தீவுகளும் தக்காணத்துக்கு உடன்பிறப்புகள் எனலாம்.

இனி விளிம்பின் கதைக்கு மீளலாம். அமிழும் தகடு வழுக்கிச் செல்வதில்லை; நூற்றாண்டுக் கணக்கில் சிக்கி நிற்கும். அப்பொழுது மேற்றகட்டின் ஓரமும் கீழ்நோக்கி வளையும். 2004 டிசெம்பர் 26 அன்று, அந்நாளைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், அச்சிக்கு அறுந்தது. 1,200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்துக்குப் பிளவு ஓடியது, அளவு 9.1. வளைந்திருந்த ஓரம் மேலெழும்ப, கடற்றரையோடு கடலும் உயர்ந்தது. அலை மணிக்கு 600 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் மேற்கே புறப்பட்டது.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அது வடமராட்சி கிழக்கின் மணற்கரையை அடைந்தது. மணற்காடு, நாகர்கோவில், மருதங்கேணி முதலிய ஊர்களுக்கு அன்று ஞாயிற்றுக்கிழமைக் காலை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள். இலங்கைக் கரைகள் பலவற்றில் முதலில் கடல் சிறிதே ஏறிற்று. பின்னர் வெகுதூரம் உள்வாங்கிற்று. அடுத்து வந்த அலையே பேரலை. வெளிப்பட்ட கடற்றரையைக் காணச் சென்றோர் பலர் மீளவில்லை. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு மணி நேரம் என்பது சிறு பொழுதன்று. ஆயினும் இந்துமாக்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. தகட்டின் நடுவிலுள்ள நிலம் அசையாதிருந்தும், விளிம்பின் அதிர்ச்சியைக் கடல் சுமந்து வந்தது.

2012 ஏப்ரல் 11 அன்று அதே திசையில் 8.6 அளவில் மற்றொரு நடுக்கம் எழுந்தது. இம்முறை எச்சரிக்கை வந்தது. இலங்கைக் கரையோர மக்கள் மேட்டுநிலம் நாடினர். பேரலை வரவில்லை. பாறைகள் பக்கவாட்டில் வழுக்கினவேயன்றிக் கடற்றரையைப் பெரிதும் உயர்த்தவில்லை. ஆனால், அந்நடுக்கம் நிகழ்ந்தது விளிம்பிலன்று; தகட்டின் உள்ளேயே. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் சுமந்த பெருந்தகடு மெல்ல இரண்டாகப் பிரிந்துகொண்டிருப்பதற்கு அதனை அறிஞர் சான்றாகக் காட்டுகின்றனர்.