கற்றூண்கள் நிற்கும் மணல்வெளி

மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்திலிருந்து காலையிலே மோட்டார் வண்டியிற் புறப்பட்டு, கடற்கரையை ஒட்டி வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீற்றர் செல்பவர் நண்பகலுக்கு முன்பே பினக்கிள்ஸ் பாலைவனத்தை அடைந்துவிடலாம். 2010ஆம் ஆண்டில் இந்து சமுத்திர வீதி முற்றுப்பெற்ற பின்னர், போக்கும் வரவும் ஒரு பகலுக்குள் எளிதில் அடங்கிவிடுகின்றன.

வழியிலே லெட்ஜ் பொயின்ற் என்னும் சிற்றூருக்கு அப்பாலுள்ள கடலிலேதான், 1656ஆம் ஆண்டில் பத்தாவியா நோக்கிச் சென்ற ஒல்லாந்தக் கப்பலொன்று பாறையில் மோதி உடைந்தது. தப்பியவர்களைத் தேடிவந்த கப்பல்கள் 1658இல் இக்கரையோரத்தைப் படமாக வரைந்துகொண்டன. யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியதும் அதே ஆண்டிலேயாம்.

நம்பங் தேசியப் பூங்காவினுள் நுழைந்ததும் புதர்க்காடு விலகி, மஞ்சள் மணல் விரிகின்றது. அதனிடையே ஆயிரக்கணக்கான சுண்ணக்கற்றூண்கள் நிற்கின்றன. சில முழங்காலளவின, சில மூன்றரை மீற்றர் உயர்ந்தவை. கூரிய பற்களைப் போன்றனவும் உண்டு. கல்லறைக் கற்களைப் போன்றனவும் உண்டு. ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளமான சுற்றுப்பாதையொன்று இவற்றினூடே வளைந்து செல்கின்றது.

இத்தூண்களை நட்டவர் யார்? கடலும் காற்றும் மழையுமே. அலையில் நொறுங்கிய சிப்பிகளும் சங்குகளும் சுண்ண மணலாகிக் கரையேறின. காற்று அதனை மேடுகளாகக் குவித்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை அடைவது. ஆதலால் அது மேட்டின் மேற்பகுதியிலிருந்த சுண்ணத்தைக் கரைத்துக் கீழே கொண்டுசென்றது. அங்கே சுண்ணம் மீண்டும் படிந்து, மணியோடு மணியை ஒட்டிக் கல்லாக்கிற்று. பின்னர் மேலே செடிகள் வளர்ந்தன. அவற்றின் வேர்கள் கல்லின் வெடிப்புகளிற் புகுந்தன. நீரும் அவ்வழியே இறங்கிற்று. மெலிந்த பாகம் கரைந்து மணலாயிற்று. வலியது தூணாய் எஞ்சிற்று. மூடியிருந்த மணலைக் காற்று வாரிச் சென்றபோது தூண்கள் வெளிப்பட்டன.

மணலிற் புதையுண்ட மரங்களின் இடத்தைச் சுண்ணம் நிரப்பியதாலேயே இவை உண்டாயின என்று கொள்ளும் அறிஞரும் உளர். எல்லாத் தூண்களுக்கும் ஒரே விளக்கம் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது சரியன்று.

சுண்ணக்கல்லை மழை கரைக்கும் இதே செயல்தான் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றையும் குடைந்தது. அங்கே பள்ளம், இங்கே தூண். உண்மையில் பாலைவனம் என்ற பெயரே இவ்விடத்துக்குப் பொருந்தாது. குளிர்காலத்தில் இங்கு நல்ல மழை பெய்கின்றது. வசந்தத்தில் சுற்றிலும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. அம்மழை இல்லையேல் தூணும் இல்லை.

மணல் இன்றும் ஓய்ந்திருக்கவில்லை. ஏறக்குறைய 6000 ஆண்டுகளுக்கு முன்னரும் இத்தூண்கள் வெளிப்பட்டிருந்து, பின்னர் மூடப்பட்டன என்று கருதப்படுகின்றது. இனியும் காற்று சிலவற்றை மூடும். வேறு சிலவற்றைத் திறக்கும். காற்று மூடியது மீண்டும் தோன்றலாம். படம் பிடிப்பதற்காக ஒருவர் ஏறி முறித்த கல் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே தூண்களில் ஏறுவதும், பாதையை விட்டு வண்டியை மணலிற் செலுத்துவதும் தகாதன.

தூண்களின் நிழல் நீளும் மாலைவேளையே காட்சிக்கு மிகவும் உகந்தது. ஆனால் அந்தி சாயும்போது கங்காருக்கள் திடீரென வீதியைக் கடக்கும். அன்றே பேர்த் திரும்ப வேண்டியவர் அவ்வழகைச் சிறிது விட்டுக்கொடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே வண்டியைத் திருப்புவது நன்று.