தன்னியக்கக் கியர்ப்பெட்டியின் பிணியறியும் முறை

உயிருள்ளவற்றுக்கு மாத்திரமன்றி இயந்திரங்களுக்கும் மூப்பும் பிணியும் உள. ஆயின் மூப்பு வேறு, பிணி வேறு. மூப்பைத் தவிர்த்தல் இயலாது. பிணியைக் காலத்தோடு கண்டறிந்தால் தீர்த்தல் கூடும். இவ்வேறுபாட்டை உணராமையால், இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தக்க வாகனங்கள் பல உரிய காலத்துக்கு முன்பே கைவிடப்படுகின்றன. அல்லது வேண்டாத பெருஞ்செலவுக்கு இடமாகின்றன.

நம் நாட்டு வீதிகளில் ஓடும் கார்களுள் மிகப் பல யப்பானிலே சில ஆண்டு பழகியபின் இங்கு இறக்குமதி செய்யப்பட்டவை. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்கள் மேலும் பழையனவாயின. இருபது, இருபத்தைந்து ஆண்டு கண்ட கார்கள் இன்றும் குடும்பங்களைச் சுமக்கின்றன. வாடகைக்கு ஓடி உரிமையாளருக்கு அன்றாட வருவாயும் தேடிக்கொடுக்கின்றன.

அத்தகைய காரின் உறுப்புக்களுள் உரிமையாளர் மிக அஞ்சுவது தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்கே. “கார் இழுக்கவில்லை” என்று கராச்சுக்குக் கொண்டுசென்றால், “பெட்டி போய்விட்டது, மாற்றவேண்டும்” என்னும் தீர்ப்பு விரைவிலே கிடைத்துவிடுகின்றது. வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கிப் பூட்டுவது பெருஞ்செலவு. அப்பெட்டியின் வரலாறோ எவர்க்குந் தெரியாது. குற்றம் பழைய பெட்டியில் இல்லாதிருந்தால், செலவு முடிந்தபின்னரும் நோய் நீங்காதிருக்கும். ஆதலின், புறத்திலிருந்து அகத்துக்கும், சிறுசெலவிலிருந்து பெருஞ்செலவுக்குமாகப் படிப்படியே ஆராய்தல் எவ்வாறு என்பதை இங்கே கூறுவாம்.

பெட்டியின் அமைப்பு

ஜேர்மனியரான ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905 இல் கப்பல்களுக்கென ஒரு திரவச் செலுத்திக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினையும் சுழல்தண்டையும் இரும்பால் பிணையாது, திரவத்தால் பிணைக்கும் உபாயம் அது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939 இல் வெளியிட்ட ‘ஹைட்ராமற்றிக்’ பெட்டி, 1940 ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களிலே பூட்டப்பெற்றுப் பெருவழக்காயிற்று. இன்று நம்மிடமுள்ள நான்கு கியர்ப் பெட்டிகளும் அவ்வழியில் வந்தவையே.

இப்பெட்டியின் முன்னே இருப்பது முறுக்குமாற்றி. ஓடும் மின்விசிறியொன்றின் எதிரே மின்னிணைப்பில்லாத மற்றொன்றை வைத்தால், காற்றின் வேகத்தால் அதுவுஞ் சுழலுமன்றோ? அவ்வாறே முறுக்குமாற்றியினுள்ளே எஞ்சினோடு பிணைந்த சில்லு எண்ணெயை வீசியெறிய, எதிர்ச்சில்லு சுழல்கின்றது. நடுவிலுள்ள மூன்றாவது சில்லு எண்ணெயைத் திருப்பிச் செலுத்துவதால், கார் புறப்படும்போது முறுக்கு ஏறக்குறைய இருமடங்காகும். இதற்குப் பின்னால் உள்ளவை கோள் முறைப் பற்சில்லுகள்: நடுவே ஞாயிறு போல ஒன்று, அதனைச் சூழ்ந்து கோள்கள் போலச் சில, எல்லாவற்றையும் வளைத்து ஒரு வளையம். இவற்றுள் ஒன்றை நிறுத்தி, ஒன்றைச் செலுத்த, வெவ்வேறு கியர்கள் பிறக்கும். நிறுத்துவதும் செலுத்துவதும் கிளச்சுத் தட்டுக்களின் தொழில். அத்தட்டுக்களை அழுத்துவது எண்ணெயின் அமுக்கம். கல்லூரியிலே பௌதிக பாடத்திற் கற்ற பாஸ்காலின் விதி இங்கே இரும்பிலும் எண்ணெயிலும் தொழிற்படக் காணலாம். எந்தக் கிளச்சுக்கு எப்பொழுது எண்ணெய் செல்லவேண்டும் என்பதை வால்வுத் தொகுதி வகுக்கின்றது. அதற்குக் கட்டளையிடுவது கம்பியூட்டர். கட்டளையை நிறைவேற்றுவன கராச்சுக்களிலே ‘சொலினொயிட்’ என வழங்கும் வரிச்சுருள் வால்வுகள்.

ஆகவே எண்ணெயே இப்பெட்டிக்குக் குருதி. அது வலுவைக் கடத்துகின்றது, கிளச்சை அழுத்துகின்றது, உராய்வைத் தணிக்கின்றது, வெப்பத்தை வெளியேற்றுகின்றது. முதற் சோதனையும் அதன்கண்ணதே ஆதல் வேண்டும்.

எண்ணெயைச் சோதித்தல்

காரைச் சமதரையில் நிறுத்தி, ஓடிச் சூடேறிய நிலையிலே, பிறேக்கை அழுத்தியவண்ணம் கியர்க்கோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுசென்று மீட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க அளவுகோலை உருவிப் பார்த்தல் டொயோட்டா முதலிய பல கார்களுக்கு உரிய முறை. ஹொண்டா கார்களிலோ எஞ்சினை நிறுத்தியபின், ஒன்று அல்லது ஒன்றரை நிமிடத்துக்குள் பார்த்தல் வேண்டும். முறை மாறினால் அளவு பிழைக்கும். அளவு குறைந்தால் பம்பி எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும்; காற்று அமுங்குமாதலால் கிளச்சு இறுகப் பற்றாது. அளவு மிகுந்தாலும் சுழலும் உறுப்புக்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், விளைவு ஒன்றே. முத்திரைகளினூடே எண்ணெய் கசிகின்றதா என்று அடியிலும் பார்த்தல் நன்று.

அடுத்தது நிறமும் மணமும். புதிய எண்ணெய் பெரும்பாலும் செந்நிறமுடையது. பழகப் பழகச் சற்றே கறுத்தல் இயல்பு. கருமையோடு தீய்ந்த நாற்றமும் இருப்பின் கிளச்சுத் தட்டின் உராய்வுப் படலம் கருகியதென்று கொள்க. வெள்ளைத் துணியிலே ஒரு துளியிட்டு நோக்கும்போது உலோகப் பொடி மின்னுமாயின் பற்சில்லோ பேரிங்கோ தேய்கின்றது. பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு நிறம் மிகவும் அபாயமானது: றேடியேற்றரின் உள்ளே அமைந்த எண்ணெய்க் குளிராக்கி துருப்பிடித்து உடைந்து, நீர் பெட்டிக்குள் புகுந்துவிட்டது என்பதே பொருள். அத்தகைய காரை மேலும் ஓட்டலாகாது. நீரால் கிளச்சின் உராய்வுப் படலம் ஒட்டுவிட்டு உரியும்.

குற்றத்தின் இயல்பை அறிதல்

“இழுக்கவில்லை” என்னும் ஒரு சொல்லிலே பல நோய்கள் மறைந்துள்ளன. அவற்றைப் பிரித்தறியச் சிறந்த கருவி காரின் முன்பலகையிலுள்ள சுற்றுமானியே. மிதிக்கும்போது எஞ்சினின் சுற்று சடுதியாக உயர்ந்தும் காரின் வேகம் அதற்கேற்ப உயராவிடின், கிளச்சு வழுக்குகின்றது. சுற்றும் உயராது, வேகமும் உயராவிடின், பெட்டியைக் குறைகூறுதல் தகாது; எஞ்சின் வலுவிழந்ததோ, பிறேக் பற்றிக்கொண்டுள்ளதோ என்று பார்த்தல் வேண்டும்.

வெப்பமும் ஒரு சான்று. காலையிலே ‘டி’ இட்டபின் கார் நகரத் தாமதித்து, சற்றே ஓடியபின் சரியாகுமாயின், பழைய இறப்பர் முத்திரைகள் இறுகிவிட்டன என்றோ, எண்ணெய் குறைந்துள்ளது என்றோ ஐயுறலாம்; சூடேற இறப்பர் இளகி மீண்டும் அடைத்துக்கொள்ளும். இதற்கு மாறாக, காலையிலே நன்றாக ஓடிச் சூடேறியபின் வழுக்குமாயின், இளகிய எண்ணெய் தேய்ந்த இடங்களினூடே கசிந்து அமுக்கம் வீழ்கின்றது என்க. சிறிது தூரம் ஓடியபின் இழுவை முற்றாக நின்று, எஞ்சினை நிறுத்தி இளைப்பாறவிட மீளுமாயின், வடி அடைபட்டிருத்தல் கூடும்.

எந்தக் கியரிலே குற்றம் என்பதுங் குறிக்கத்தக்கது. ஒரே கிளச்சு பல கியர்களுக்குப் பணிசெய்யும். டொயோட்டாவின் நான்கு கியர்ப் பெட்டிகள் பலவற்றில் மூன்றாங் கியருக்கும் பின்னோக்குங் கியருக்கும் பொதுவான கிளச்சு ஒன்றுண்டு. அவ்விரண்டிலும் வழுக்கி, முதலிரு கியர்களிலும் குறையில்லையாயின், நோய் அக்கிளச்சிலே ஒடுங்கியது.

பெட்டிக்குப் புறத்தேயுள்ள பிணிகள்

பெட்டியின் நோய் போலத் தோன்றி, அதற்குச் சிறிதும் தொடர்பில்லாத குற்றங்கள் பல. ‘டி’ இடும்போது ‘டக்’கென்று இடிப்பது, எஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் தாங்கி கிழிந்தமையாலும் ஆகலாம், எஞ்சின் வெற்றோட்டத்தில் மிகை வேகத்தோடு சுழல்வதாலும் ஆகலாம். கியர் மாறும் வேகத்தை அக்சிலேற்றரோடு பிணைந்த கம்பி தீர்மானிக்கும் பழைய பெட்டிகளிலே, அக்கம்பி தளர்ந்தோ இறுகியோ இருந்தால் கியர்கள் முந்தியோ பிந்தியோ மாறும்; அதனைச் சீர்செய்தல் சிறிது நேர வேலை. கியர்க்கோல் ‘பி’ நிலையிலிருந்து அசைய மறுக்குமாயின், முதலில் பிறேக் விளக்கு எரிகின்றதா என்று பார்க்க. அவ்விளக்கின் ஆளி பழுதாயின் பூட்டுத் திறவாது.

நம் நாட்டிலே சிறப்பாகக் கவனிக்கத்தக்க ஒன்றுண்டு. எஞ்சின் மிகச் சூடாகாதிருக்கட்டும் என்று, தெர்மோஸ்டற் வால்வைச் சிலர் கழற்றி எறிந்துவிடுகின்றனர். எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை நாலாங் கியராகிய ஓவர்டிரைவை அனுமதியாதபடி பல கார்களின் கம்பியூட்டர் அமைக்கப்பட்டுள்ளது. மழைநாளிலே, குளிர்ந்த மலைநாட்டு வீதியிலே அவ்வெப்பம் எய்தப்பெறாதாயின் நாலாங் கியர் விழாது, பெற்றோலும் வீணாகும். சிறிய வால்வொன்றின் குறை பெரிய பெட்டியின் குறையாகக் கருதப்படும் விந்தை இது.

ஒரே சீரான வேகத்திலே, ஏறத்தாழ 60 முதல் 80 கிலோமீற்றர் வேகத்தில், கார் நடுங்குவதுமுண்டு. அப்போது அக்சிலேற்றரை விடாது, பிறேக்கை விளக்கு எரியுமளவுக்கு மெல்லத் தொடுக. முறுக்குமாற்றியினுள்ளே இருக்கும் பூட்டுக்கிளச்சு அத்தொடுகையால் விடுபடும். நடுக்கம் அக்கணமே நின்றால் அக்கிளச்சோ எண்ணெயோ காரணம். நில்லாவிடின் தீப்பொறிக்கட்டை, சில்லு முதலியவற்றை ஆராய்க.

மின்னுறுப்புக்கள்

ஓவர்டிரைவ் விளக்கு தானாக மினுங்குமாயின், கம்பியூட்டர் ஒரு குற்றத்தைப் பதிந்துள்ளது என்பது பொருள். ஸ்கானரை இணைத்தால் குறியீடு தோன்றும்: ‘பி 0750’, ‘பி 0755’ என்பன முதலாம் இரண்டாம் வரிச்சுருள்களையும், ‘பி 0740’ பூட்டுக்கிளச்சின் சுற்றையும், ‘பி 0710’ எண்ணெய் வெப்பமானியையும் சுட்டுவன. குறியீடு இடத்தைச் சுட்டுமேயன்றிக் காரணத்தைச் சுட்டாது. வரிச்சுருள் எரிந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், இணைப்பிலே துருப் படிந்திருக்கலாம்.

டொயோட்டாவின் ஏ 240ஈ, ஏ 245ஈ போன்ற பெட்டிகளுக்கு ஓர் அருமையான சோதனையுண்டு. வரிச்சுருள்களுக்குச் செல்லும் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, கியர்க்கோலை ‘எல்’ இல் வைத்தால் முதலாங் கியரும், ‘2’ இல் வைத்தால் மூன்றாங் கியரும், ‘டி’ இல் வைத்தால் நாலாங் கியரும் விழுதல் வேண்டும். அவ்வாறு விழுமாயின் உடல் நலமுடையது. நோய் மின்சுற்றிலோ கம்பியூட்டரிலோ உள்ளது. விழாதாயின் நோய் பெட்டியினுள்ளே. மின்னிணைப்பைக் கழற்றுவதாலேயே ஒரு குறியீடு பதியும். சோதனை முடிந்தபின் அதனை அழித்தல் வேண்டும்.

இரு சோதனைகள்

பிறேக்கை நன்கு அழுத்தி, ‘என்’ இலிருந்து ‘டி’ க்கு மாற்றி, கார் சிறிது உந்தப்படுவதை உணருங்காலம்வரை எண்ணுக. டொயோட்டாவின் கைந்நூல்கள் இதற்கு 1.2 செக்கனையும், ‘ஆர்’ க்கு 1.5 செக்கனையும் எல்லையாக விதிக்கின்றன. ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு, மூன்று முறை அளந்து சராசரி காண்க. எல்லை கடந்தால் அமுக்கம் குறைந்ததென்றோ கிளச்சு தேய்ந்ததென்றோ கொள்ளலாம்.

மற்றையது நிறுத்தச் சோதனை. சில்லுகளுக்குக் கட்டையிட்டு, கைப்பிறேக்கையும் கால்பிறேக்கையும் இறுக்கி, ‘டி’ யிலும் பின் ‘ஆர்’ இலும் அக்சிலேற்றரை முற்றாக மிதித்து எஞ்சின் எட்டும் உச்சச் சுற்றைக் குறித்தல். ஐந்து செக்கனுக்கு மேற் செய்தலாகாது; எண்ணெய் கொதிக்கும். காரின் முன்னும் பின்னும் எவரும் நிற்றலாகாது. இஃது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலையேயன்றி வீட்டு முற்றத்தில் செய்யத்தக்கதன்று. இரு நிலையிலும் சுற்று விதித்த அளவைக் கடந்தால் எண்ணெய் அமுக்கம் குறைவு. ஒரு நிலையில் மாத்திரம் கடந்தால் அந்நிலைக்குரிய கிளச்சு வழுக்குகின்றது. இரு நிலையிலும் குறைந்தால் எஞ்சின் வலுவற்றது, அல்லது முறுக்குமாற்றி பழுது.

மருந்தும் சத்திரசிகிச்சையும்

நெடுங்காலம் எண்ணெய் மாற்றாத பெட்டிக்கு எண்ணெய் மாற்றினால் அதுவே கெட்டுவிடும் என்னும் அச்சம் பலரிடத்துண்டு. எண்ணெய் கறுத்திருந்தும் வழுக்கல் இல்லையாயின், உரிய வகை எண்ணெயை மாற்றுதல் நன்மையே தரும். திருகாணியைத் திறந்து வடிக்கும்போது முறுக்குமாற்றியிலுள்ளது வெளிவராதாகையால், ஒரு தடவையிலே பாதிக்குங் குறைவாகவே மாறும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் மாற்றலாம். முன்னரே தட்டுத் தேய்ந்து வழுக்கும் பெட்டியை எந்த எண்ணெயும் மீட்காது. அத்தகைய பெட்டி எண்ணெய் மாற்றிய மறுவாரம் நின்றால் பழி எண்ணெய்மேல் விழுகின்றது. எண்ணெயின் வகையை மாற்றி இடுதலோ பெருங்கேடு; ‘சீவீரீ’ எனப்படும் பட்டைச் செலுத்திகளுக்குரிய எண்ணெய் முற்றிலும் வேறு என்பதை மறவற்க.

வழியிலே நின்றுவிட்ட முன்சில்லுச் செலுத்துக் காரை முன்சில்லுகள் தரையில் உருளக் கட்டியிழுத்தலாகாது. எஞ்சின் ஓடாதபோது பம்பியும் ஓடாது. எண்ணெயின்றிப் பற்சில்லுகள் உராயும். தள்ளி எழுப்புதலும் இவ்வகைக் கார்களில் இயலாது.

எண்ணெய் தீய்ந்து, தட்டு வழுக்கி, மின்சுற்றிலே குற்றமில்லை என்று தெளிந்தபின் பெட்டியைத் திறத்தலே நேர்மையான வழி. அவ்வாறு தெளியுமுன் திறத்தல் கூடாது. கராச்சுக்குச் செல்லுமுன், குற்றம் எந்தக் கியரிலே, எந்த வேகத்திலே, குளிரிலோ சூட்டிலோ தோன்றுகின்றது, எண்ணெய் இறுதியாக எப்போது மாற்றப்பட்டது, எந்த வகை இடப்பட்டது என்னும் இவ்வைந்தையும் ஒரு தாளிலே எழுதிக்கொண்டு செல்க. நல்ல மெக்கானிக் அத்தாளை மகிழ்ந்து வாங்குவார். வாங்கிப் பாராமலே, எண்ணெய்க் கோலையுந் தொடாமலே பெட்டியை மாற்றச் சொல்பவரிடம் காரை ஒப்படையாது வேறிடம் நாடுக.