குளிசையை நிறுத்தாதீர்கள், எலும்பையும் மறவாதீர்கள்

"வயலில் குனிந்தால் நிமிர முடியவில்லை, இடுப்பும் தொடையும் உளைகிறது" என்போர் நம்மிடையே பலர். வேலைக் களைப்பு என்றே விட்டுவிடுகிறோம். ஆனால் எச்.ஐ.வி. கிருமிக்கோ, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கோ வருடக்கணக்காகக் குளிசை எடுப்பவர் இப்படிச் சொன்னால், நாம் கவனிக்க வேண்டும்.

இவ்விரு நோய்களுக்கும் கொடுக்கப்படும் முக்கிய மருந்து டெனோபோவிர். 2001 முதல் பாவனையிலுள்ள இம்மருந்து எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. எனினும் அது சிலரின் எலும்பை மெலியச் செய்கிறது.

எப்படி? எலும்பு, கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்து இறுகியது. பொஸ்பேற்று வீணாகாமல் மறித்து வைப்பது சிறுநீரகம். இம்மருந்து சிலரில் அந்த வேலையைக் குழப்பிவிடும். கசியும் குளக்கட்டால் தண்ணீர் போவதுபோல் பொஸ்பேற்று சிறுநீரோடு போய்விடும். எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களுக்கு முதல் இரண்டு வருடங்களில் எலும்பின் அடர்த்தி 2 முதல் 6 வீதம் குறையலாம். டெனோபோவிர் எடுப்போரில் இக்குறைவு கூடுதல். பின்னர் பெரும்பாலும் அந்த அளவில் நின்றுவிடும்.

2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் நிவாரண அரிசியோடும் மாவோடும் வருடங்களைக் கழித்த குடும்பங்களை நாம் அறிவோம். பாலும் மீனும் குறைந்த சாப்பாடு எலும்பை முன்னமே பலவீனமாக்கும்.

நாம் செய்யக்கூடியவை என்ன? முதலாவது, குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஹெபடைடிஸ் பி மருந்தைத் திடீரென விட்டால் ஈரல் அழற்சி மீண்டும் மூண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு நோவு, குந்தியிருந்து எழும்ப முடியாமை, சிறு விழுகையிலேயே முறிவு ஆகியவற்றைக் கிளினிக்கில் சொல்லுங்கள். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, தேவையானால் வைத்தியர் மருந்தை மாற்றுவார். எலும்புக்குக் குறைந்த தீங்கு செய்யும் புதிய வகை டெனோபோவிர் 2015 முதல் உலகில் பாவனைக்கு வந்துள்ளது.

நோவுக்கென டைக்ளோபினாக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகம் மேலும் கெடும். கல்சியக் குளிசையையும் கேட்டே எடுங்கள், சில எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் சேர்வதை அது குறைக்கும்.

முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, எருமைத் தயிர் யாவும் எலும்புக்கு நல்லவை. புகையையும் மதுவையும் விடுங்கள்.

மீண்டும் ஊர் மாற நேர்ந்தால், காணி உறுதியோடு கிளினிக் கொப்பியையும் குளிசையையும் பையில் வையுங்கள். எங்கே போனாலும் சிகிச்சை தொடர அவையே வழி.