ரொக்கெட் செய்த சப்பாத்துக் கடைக்காரர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நோர்போக் என்று ஓர் ஊர். அங்கே சப்பாத்துக் கடை நடத்தி வந்தவர் ஓர்வில் கார்லைல். விற்றது சப்பாத்து என்றாலும் அவரது மனம் வாண மருந்தில்தான் இருந்தது. அவருடைய சகோதரர் ரொபர்ட் மாதிரி விமானங்களைப் பறக்க விடுபவர். ரொக்கெட் எப்படிப் பாய்கிறது என்று கூட்டங்களில் விளக்கிக் காட்ட ஒரு சாதனம் வேண்டுமென்று அவர் கேட்க, 1954இல் கார்லைல் ஒன்றைச் செய்து கொடுத்தார். கடதாசிக் குழல் உடம்பு, மெல்லிய பலகைச் செட்டை, உள்ளே மாற்றக்கூடிய மருந்துக் குழாய், இறங்கும்போது விரிய ஒரு பரசூட். இன்று கடைகளில் பெட்டியில் வரும் மாதிரி ரொக்கெட் 'கிட்' எல்லாம் இதன் வழி வந்தவையே.

திப்பு சுல்தானின் பெயரை இவ்விடத்தில் சொல்லாவிட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ரொக்கெட்டுகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் தமது ரொக்கெட்டைத் திருத்திக்கொண்டார்கள். ஆனால் அது யுத்தக் களத்துச் சரக்கு. நாம் பேசுவது கடைச் சரக்கு.

1957இல் ஹரி ஸ்டைன் என்பவர் கார்லைலின் கண்டுபிடிப்பை வைத்து ஒரு கம்பனி தொடங்கினார். ஓடர் குவிந்தது. மருந்துக் குழாயைக் கையால் அடைத்து ஈடு கொடுக்க முடியவில்லை. வாணத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த வேர்ன் எஸ்டஸ் என்ற இளைஞர், ஐந்தரை செக்கனுக்கு ஒன்று வீதம் மோட்டர் தள்ளும் இயந்திரத்தைச் செய்து முடித்தார். அதற்கு 'மேபல்' என்று பெயரும் வைத்தார். பிறகு நடந்ததுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. ஸ்டைனின் கம்பனி வாங்கியதற்கு மேலாக இயந்திரம் உற்பத்தி செய்தது. மிஞ்சியதை விற்க எஸ்டஸ் தானே தபால் மூலம் வியாபாரம் தொடங்கினார். முதல் கம்பனி மூடப்பட்டது. எஸ்டஸ் என்ற பெயர் இன்றும் சந்தையில் இருக்கிறது.

காரணம் சிறியது. கிட் ஒரு தடவைதான் விற்கும். மோட்டரோ ஒவ்வொரு பறப்புக்கும் ஒன்று வேண்டும். பிரின்டரை விற்றவரைவிட மை விற்றவர் சம்பாதித்த கதைதான்.

மோட்டரில் எழுத்தும் இலக்கமும் இருக்கும். ஏ, பீ, சீ என்று எழுத்து ஏற ஏற உச்ச சக்தி இரட்டிப்பாகும். 'சீ 6-5' என்றால் 10 நியூட்டன் செக்கன் வரை சக்தி, சராசரித் தள்ளுவிசை 6 நியூட்டன், எரிந்து முடிந்து 5 செக்கன் கழித்துப் பரசூட்டை வெளியே தள்ளும். உயர்திறன் கிட்டில் வேகம் கூடுவதால், வெளியே பசை பூசி ஒட்டிய செட்டை பிய்ந்து பறந்துவிடும். ஆகவே செட்டையின் அடியைக் குழலுக்குள் நுழைத்து, மோட்டர் குழாயோடு சேர்த்து எபொக்சி பசையால் பிடிக்க வைப்பார்கள். வெள்ளவத்தைப் புடவைக் கடைகளில் துணிச்சுருளுக்குள் வரும் குழல் இதற்கு உதவாது. அது பாரம் கூடியது.

கட்டி முடித்ததும் மோட்டரையும் உள்ளே வைத்து, சமநிலையாகத் தொங்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்க்க வேண்டும். மூக்கு முன்னே பார்த்துச் சுற்றினால் நேராகப் பறக்கும். வால் முன்னே வந்தால் மூக்கில் பாரம் சேர்க்க வேண்டும். பற்றவைப்பது நெருப்புக்குச்சியால் அல்ல. குறைந்தது 5 மீற்றர் தள்ளி நின்று, பற்றரியும் வயரும் கொண்டு மின்சாரத்தால்.

இதை இறக்குமதி செய்தால் என்ன என்று கொட்டாஞ்சேனையில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒருவர் நினைக்கலாம். கடதாசிக் குழலும் பலகையும் விளையாட்டுச் சாமான்தான். மோட்டர் அப்படியல்ல. உள்ளே இருப்பது கருமருந்து. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இங்கே குறுக்கே நிற்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அமெரிக்காவிலேயே பெரிய மோட்டரின் எரிபொருள் வெடிபொருளா இல்லையா என்ற வழக்கு 2000இல் தொடங்கி, அல்லவென்று 2009இல்தான் தீர்ந்தது. வழக்காடியவை பறப்போர் சங்கங்கள். இங்கே அப்படி வழக்காட யார் இருக்கிறார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சூட்கேஸில் நாலு மோட்டர் கொண்டு வரட்டும் என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். பயணிகளின் பொதியில் அது தடை செய்யப்பட்ட பொருள். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் எமது வீடுகளும் கடைகளும் எப்படிச் சோதிக்கப்பட்டன என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மருந்து நிரப்பிய குழாயும் பற்றரி வயரும் ஒரு முஸ்லிம் கடையின் இறாக்கையில் அகப்பட்டால், "பிள்ளைகளின் விளையாட்டு" என்ற விளக்கம் பொலிஸ் நிலையத்தில் எடுபடுமா? மோட்டர் இல்லாத கிட்டோ, மை கிடைக்காத பிரின்டர்.

ஆனால் ஒரு வழி திறந்திருக்கிறது. நீர் ரொக்கெட். சோடாப் போத்தலில் மூன்றிலொரு பங்கு தண்ணீர், மிச்சம் சைக்கிள் பம்பில் அடித்த காற்று. மருந்தும் இல்லை, நெருப்பும் இல்லை. கட்டுபெத்தையில் உள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனம் பாடசாலை மாணவர்களுக்கு இதில் போட்டி நடத்தி வந்திருக்கிறது. செட்டை, மூக்கு, பரசூட், நூல் கட்டிச் சுழற்றும் சோதனை எல்லாம் இதற்கும் பொருந்தும்.

போத்தல் சும்மா கிடைக்கும், தண்ணீருக்கு விலையில்லை. அப்படியானால் எதை விற்பது? ஏவுதளத்தை. காற்றை அடைத்துப் பிடித்து, தூரத்தில் இருந்து கயிறு இழுத்ததும் விடுவிக்கும் அந்தப் பூட்டைத்தான் பிள்ளைகளால் ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை. பீ.வீ.சீ. குழாய், ரப்பர் வளையம், சைக்கிள் வால்வு, ஹோஸ் கிளிப், அழுத்தம் காட்டும் கேஜ் ஆகியவை போதும். பழைய சோனகத் தெருவில் ஒரு காலை நேரம் நடந்தால் சேர்த்துவிடலாம். கேஜ் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள். 60 பீ.எஸ்.ஐ.யில் நிறுத்த வேண்டிய பம்பைப் பிள்ளைகள் ஆசையில் அடித்துக்கொண்டே போவார்கள். குடிதண்ணீர் விற்கும் மெல்லிய போத்தலையும் பெட்டியில் போடக்கூடாது. அது அழுத்தம் தாங்காது. சோடாப் போத்தல்தான் சரி.