உப்பும் சர்க்கரையும் உயிர் காப்பது எவ்வாறு?

வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு இறுதியாவது பெரும்பாலும் கிருமியன்று. உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதேயாகும். நோய் பொதுவாகச் சில நாட்களில் தானே தணியும். அதுவரை இழப்பை ஈடுசெய்து வந்தால் போதும். ஆயினும், குடித்தால் இன்னும் போகும் என்றஞ்சித் தண்ணீரையே நிறுத்திவிடும் வழக்கம் இன்னமும் மறைந்தபாடில்லை.

வெறும் நீர் ஏன் போதாது? உப்பிலுள்ள சோடியம் குடற்சுவரைக் கடக்கும்போதுதான் நீரும் அதனைப் பின்தொடர்கிறது. வாந்திபேதியில் சோடியம் செல்லும் வழக்கமான வழி தடைபடுகிறது. குளூக்கோஸ் செல்லும் வழியோ பழுதுறுவதில்லை. அவ்வழியில் ஒவ்வொரு குளூக்கோஸ் மூலக்கூறும் இரண்டு சோடியம் அயனிகளை உடன் அழைத்தே செல்லும். இவ்விணைப்பை அமெரிக்க அறிஞர் ராபர்ட் கிரேன் 1960-ல் விளக்கினார். ஆகவே, கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காக அன்று, தெம்புக்காகவும் அன்று.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தட்டுப்பட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்த கரைசலை வழங்கினார். நோயாளிகளின் உறவினரே அதனைக் குவளையில் மொண்டு புகட்டினர். முன்னர் 30 சதவீத அளவில் இருந்த இறப்பு, அவரது பராமரிப்பில் இருந்தோரிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவர் கையிலிருந்த சிகிச்சை தாயின் கைக்கு வந்ததே இதன் பெருஞ்சிறப்பு எனலாம். அவரது மறைவுக்குப்பின், 2023-ல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தியமைத்த கலவையில், லிட்டருக்கு 13.5 கிராம் குளூக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் உள்ளன. சர்க்கரை குறைக்கப்பட்டதற்குக் காரணமுண்டு. அது மிகுந்தால், குடலிலுள்ள கரைசல் உடலிலிருந்தே நீரை இழுத்துப் பேதியைப் பெருக்கும். குளிர்பானங்கள் இதற்கு ஈடாகாமைக்கும் இதுவே காரணம். தரமான கலவை அல்லாத இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்னும் பெயரைத் தாங்குவதற்கு 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது.

பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரித்துத் தம்ளரில் கலப்பது தவறு. உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பின்னும் 14 நாட்கள் முடியத் தருதல் வேண்டும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க இயலாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். வழியிலும் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டலாம், குழந்தை விழுங்கும் நிலையில் இருக்குமாயின்.