கணினியின் கண்ணுக்குப் படாத பெட்டகம்

தம் நினைவைத் தமக்கு வெளியே ஒரு பொருளில் வைத்துக் காப்பது மனிதரின் நெடுநாள் வழக்கம். காணி உறுதி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், ஹஜ்ஜுக்குச் சென்ற மூத்தவாப்பாவின் புகைப்படம் ஆகிய யாவும் கிழக்கிலங்கையின் கரையோர வீடுகளிலே மரப் பெட்டகத்துள் பத்திரமாய் உறங்கிய காலம் ஒன்றிருந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை கடல் எழுந்து வந்தபோது அப்பெட்டகங்களும் அதனோடு போயின. இலங்கையில் மிகுதியான உயிர்களை அன்று இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அந்நாளை இன்றும் மறக்கவில்லை. உயிரிழப்பின் முன்னே கடதாசியிழப்பு சிறியதே. ஆயினும் உயிர் தப்பியோர் தம் பெயரையும் காணியையும் மெய்ப்பிக்க ஒரு துண்டுக் கடதாசியுமின்றி நின்றனர். மறைந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படமேனும் எஞ்சாத வீடுகளும் இருந்தன.

இன்று அப்பொருள்களெல்லாம் கணினிக்குள்ளும் கைத்தொலைபேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டன. கட்டாரிலிருந்து மகன் அனுப்பும் படமும், மருதமுனைக் கைத்தறிக் கடையின் வரவு செலவுக் கணக்கும், ஒலுவிற் பல்கலைக்கழகத்திலே பயிலும் மகளின் ஆய்வுக் குறிப்பும் அங்கேதான் உள்ளன. கணினி பழுதுற்றால் யாவும் போய்விடுமே என்றஞ்சி, முன்னெச்சரிக்கை உடையோர் கம்பியில்லாச் சேமிப்புப் பெட்டகம் ஒன்றை வாங்கி, எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பிரதி வைக்கின்றனர். இதனையே நம் இளைஞர் 'வைஃபை ஹார்ட் டிஸ்க்' என்கின்றனர். ஒருநாள் கணினியைத் திறந்தால், 'பெட்டகம் காணப்படவில்லை' என்ற வாசகம் திரையில் தோன்றுகிறது. வீட்டார் திடுக்கிடுகின்றனர், பதற்றத்திலே கைக்கு அகப்பட்ட பொத்தானையெல்லாம் அழுத்துகின்றனர். நேயர்களே, காணப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பொருளைக் காத்துக்கொள்வார். உணராதவர் தம் கையாலேயே அதனை அழித்துவிடவுங் கூடும்.

இக்கருவியின் இயல்பை முதலில் அறிவோம். அதனுள்ளே ஒரு வன்தட்டு உண்டு; அத்தட்டை ஆளும் ஒரு சிறு கணினி உண்டு; வானலைகளை ஏற்கவும் விடுக்கவும் ஓர் ஏரியல் உண்டு. பெரும்பாலான பெட்டகங்கள் நமது கணினியோடு நேரே பேசுவதில்லை. இரண்டும் வீட்டிலுள்ள ரவுட்டர் என்னும் கருவியின் வழியாகவே பேசிக்கொள்கின்றன. ரவுட்டரை ஊர்த் தபாற்கந்தோராகக் கொண்டால், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அது ஒரு வீட்டிலக்கம் வழங்குகிறது எனலாம். ஐ.பி. எண் என்பது இவ்விலக்கமே. இலக்கத்தோடு ஒரு பெயரும் உண்டு. கணினி, 'இன்ன பெயருடையவர் எங்கே?' என்று குரல் கொடுக்கும். பெட்டகம், 'இதோ இருக்கிறேன்' என்று மறுமொழி கூறும். அக்குரல் போய்ச் சேரவில்லையா, மறுமொழி வரவில்லையா, மறுமொழி வந்தும் கதவு திறக்கவில்லையா என்று பிரித்தறிவதே இந்நோய்க்கு வைத்தியம்.

முதலிற் பார்க்கவேண்டியது மின்சாரம். பெட்டகத்தின் விளக்கு எரிகின்றதா, உள்ளே தட்டுச் சுழலும் மெல்லிய அதிர்வு கையிற் படுகின்றதா என்று நோக்குக. நெடுநேரம் வேலையின்றி இருந்தால் தட்டுத் துயில்வதும் உண்டு. விழித்தெழ அரை நிமிடம் பொறுத்தல் வேண்டும். விளக்கே எரியவில்லையாயின் மின்கம்பியையும் அதன் முனையையும் ஆராய்க. கடலோர ஊர்களிலே உப்புக் காற்று உலோக முனைகளை அரிப்பது நாம் அன்றாடம் காண்பதே.

அடுத்து, ரவுட்டரிடமே கேட்டுவிடலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளிலே அதன் முகவரி அச்சிடப்பட்டிருக்கும், 192.168 எனத் தொடங்கும் எண்ணே பெரும்பாலும் அது. அதனைக் கணினியின் உலாவியில் இட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்தால், தற்போது இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் தோன்றும். பெட்டகத்தின் பெயர் அப்பட்டியலில் உண்டாயின், அது நலமாக வலையமைப்பில் இருக்கின்றது, குறை பெரும்பாலும் கணினியின் பக்கத்தில் என்று துணியலாம். பெயர் இல்லையாயின் பெட்டகம் இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை என்பது பொருள். இந்த ஒரு சோதனை பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

பெயர் இல்லாத நிலைமையை முதலில் எடுத்துக்கொள்வோம். புதிய ரவுட்டர் வாங்கியிருப்போம், அல்லது வைஃபைக் கடவுச்சொல்லை மாற்றியிருப்போம். பெட்டகமோ பழைய பெயரையும் பழைய சொல்லையுமே தேடிக்கொண்டிருக்கும். யாரும் அதற்குச் செய்தி சொல்லவில்லை அன்றோ! அதனை ஒரு வலைக்கம்பியால் ரவுட்டரோடு பொருத்தினால், அவ்வசதி உள்ள பெட்டகம் உடனே பட்டியலில் தோன்றும். பின்னர் அதன் அமைப்புப் பக்கத்திலே புதிய கடவுச்சொல்லைப் பதிந்துவிடலாம். கம்பியிற் காணப்பட்டு வானலையில் மறைவதாயின் குறை வானலையிலேதான் என்பதும் இதனால் விளங்கும்.

வானலைக் குறையை வானொலி நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. இரவு வேளையில் மத்திய அலையிலே ஒரு நிலையத்தின் மேல் இன்னொரு நிலையம் வந்து ஏறுவதைக் கேளாதவர் யார்? கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கியுள்ளன. ஒவ்வொரு வீட்டின் வைஃபையும் அயல்வீட்டினுள்ளும் பரவுகின்றது. பழைய பெட்டகங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலே ஒன்றன்மேலொன்று ஏறாத வழிகள் 1, 6, 11 என்னும் மூன்றே. ரவுட்டரின் அமைப்பில் இம்மூன்றுள் நெரிசல் குறைந்ததைத் தெரிந்தெடுத்து, பெட்டகத்தைக் கொங்கிறீற்றுச் சுவருக்கு அப்பாலிருந்து ரவுட்டரின் அருகே கொணர்ந்தால் பல வேளைகளில் அது மீண்டும் தோன்றிவிடும்.

மின்துண்டிப்பும் ஒரு காரணம். 2022 மார்ச் இறுதியிலே நம் நாட்டில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை துண்டிக்கப்பட்டதை மறந்தோமில்லை. மின்சாரம் மீளும்போது பெட்டகமும் ரவுட்டரும் ஒருங்கே விழிக்கின்றன. பெட்டகம் முந்திக்கொண்டு இலக்கம் கேட்கும். ரவுட்டர் இன்னும் ஆயத்தமாகாதிருக்கும். மறுமொழி கிடைக்காத கருவி 169.254 எனத் தொடங்கும் இலக்கம் ஒன்றைத் தானே சூட்டிக்கொள்வதுண்டு. அவ்விலக்கத்தோடு அது தனித்து நிற்கும். தெருவிலுள்ள எவரும் அதனைக் காணார். இதற்குப் பரிகாரம் மிக எளிது. யாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் ரவுட்டரை ஏற்றுக. இரண்டு மூன்று நிமிடங் கழித்துப் பெட்டகத்தை ஏற்றுக. இறுதியிற் கணினியை ஏற்றுக. ரவுட்டரிலே பெட்டகத்துக்கென ஒரு நிலையான இலக்கத்தை ஒதுக்கிவைத்தால், நாளுக்கொரு முகவரியில் அதனைத் தேடும் தொல்லையும் ஒழியும்.

இனி, பட்டியலிற் பெயர் இருந்தும் கணினி காணாத நிலைமை. முதலாவது, இரண்டும் ஒரே தெருவில் உள்ளனவா? நம்மவர் வீடுகள் சிலவற்றிலே கண்ணாடி இழை இணைப்பின் ரவுட்டர் ஒன்றும் 4ஜீ ரவுட்டர் ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன. பெட்டகம் ஒன்றிலும் கணினி மற்றொன்றிலும் இணைந்திருந்தால் அவை ஒன்றையொன்று காணா. விருந்தினர்க்கெனத் திறந்துவைத்த வைஃபையிற் கணினி சேர்ந்திருந்தாலும் அவ்வாறே. அவ்வழி வந்தோரை வீட்டின் ஏனைய கருவிகளிடம் விடாமற் தடுப்பதே அதன் நோக்கம். இரண்டாவது, விண்டோஸ் கணினி தான் இருக்கும் இடம் பொதுவிடம் எனக் கருதினால் அயலாரைத் தேடவும் மாட்டாது, தன்னைக் காட்டிக்கொள்ளவும் மாட்டாது. வலையமைப்பின் அமைப்பிலே 'பிரைவேட்' என மாற்றுதல் வேண்டும். ஆப்பிள் கணினியிலோ, 2024ஆம் ஆண்டின் செக்கோயா பதிப்பு முதல், வீட்டு வலையமைப்பைத் தேட ஒவ்வொரு செயலியும் அனுமதி பெறுதல் வேண்டும். அன்று 'வேண்டாம்' என்று அழுத்தியது இன்று கதவை அடைத்திருக்கலாம். மூன்றாவது, வி.பி.என். 2022 ஏப்ரலிலே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் அதனை நிறுவினர். அது ஓடிக்கொண்டிருக்கையில், கணினியின் குரல் வீட்டுக்குள் ஒலியாது தூர தேசத்துக்கே போய்விடக் கூடும். அதனை நிறுத்திப் பார்த்தல் நன்று.

இவ்வளவுக்குப் பின்னும் காணாவிடில், பெயரை விட்டு இலக்கத்தால் அழைத்துப் பார்க்க. விண்டோஸின் கோப்புச் சாளரத்தில், மேலுள்ள முகவரிக் கட்டத்திலே, பின்சாய்ந்த கோடு இரண்டு இட்டு, பட்டியலிற் கண்ட ஐ.பி. எண்ணை எழுதி அழுத்துக. பெட்டகம் திறந்துவிட்டால், பெயர் சொல்லி அழைக்கும் முறையிலேதான் பழுது, பொருளுக்குக் குறைவில்லை.

அதுவும் பயனளிக்கவில்லையாயின், இருவரும் பேசும் மொழியே வேறாகிவிட்டதோ என்று ஐயுற வேண்டும். பழைய பெட்டகங்கள் எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பு என்னும் மொழியையே அறிந்தவை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட 'வோனாக்றை' என்னும் நச்சுநிரல் அம்மொழியின் பலவீனத்தின் வழியாகவே பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் பதிப்பு முதல், புதிதாய் நிறுவும் கணினிகளில் அம்மொழி சேர்க்கப்படவில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் பதிப்போ, பெயரும் கடவுச்சொல்லுமின்றி விருந்தினராகப் பெட்டகத்துள் நுழையும் வழக்கத்தையும் பல கணினிகளில் நிறுத்திவிட்டது. ஆப்பிளின் 'டைம் கெப்சூல்' 2008இல் தோன்றி 2018இல் விற்பனை ஓய்ந்தது. அதற்குரிய ஏ.எஃப்.பி. என்னும் மொழியை எதிர்காலப் பதிப்பொன்றிலே நீக்குவதாக அந்நிறுவனம் 2025இல் அறிவித்தது. ஆகவே நேற்றுவரை தெரிந்த பெட்டகம், கணினி புதுப்பிக்கப்பட்ட மறுநாளே மறைவதில் வியப்பில்லை. பெட்டகத்தின் மென்பொருளைப் புதுப்பித்து, அதிலே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தல் முதல் வழி. புதுப்பிக்க வழியே இல்லையாயின், பழைய கணினி ஒன்றின் துணையோடு உள்ளிருப்பவற்றை வேறொரு வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, பெட்டகத்துக்கு ஓய்வு கொடுப்பதே அறிவுடைமை.

இனிக் கூறப்போவதை நேயர்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். பொறுமையிழந்தவர் சிலர் பெட்டகத்தைக் கழற்றி, உள்ளிருக்கும் வன்தட்டை எடுத்துக் கணினியிலே நேரே பொருத்துவர். இப்பெட்டகங்கள் பலவற்றின் தட்டு, லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. விண்டோஸுக்கு அவ்வெழுத்துப் புரியாது. புரியாத விண்டோஸ், 'இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபோமற் செய்யவேண்டும், செய்யலாமா?' என்று கேட்கும். தட்டு வெறுமையானது என்று அது சொல்லவில்லை; தன்னால் வாசிக்க முடியவில்லை என்றே சொல்கிறது. அவ்விடத்திலே 'ஆம்' என்று அழுத்துவது, தெரியாத மொழியில் எழுதிய காணி உறுதியைப் பயனற்ற கடதாசி என்று கிழிப்பதற்கு ஒப்பாகும். பெட்டகத்தின் பின்னுள்ள சிறு மீளமைப்புப் பொத்தானும் அத்தகையதே. சில வகைகளில் அது கடவுச்சொல்லை மட்டும் மாற்றும். சிலவற்றில் உள்ளிருப்பதையும் துடைத்துவிடும். கைந்நூலைப் படியாமல் அதனைத் தொடலாகாது. தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை எழுந்தால் உடனே நிறுத்திவிட்டு, இத்தொழில் அறிந்தவரிடம் கொண்டு செல்க.

தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று பெட்டகத்தை இணையத்துக்குத் திறந்துவிடுவதிலும் ஆபத்துண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' என்னும் பெட்டகங்களுக்கு 2015இன் பின் புதிய மென்பொருள் வரவில்லை. 2021 ஜூன் மாதத்திலே அந்நியர் இணையத்தின் வழியே அவற்றுட் புகுந்தனர். உலகின் பல பாகங்களில் உரிமையாளர் பலர் விழித்தெழுந்து பார்த்தபோது தம் பெட்டகங்கள் துடைக்கப்பட்டிருக்கக் கண்டனர். அவருட் பலருக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

ஆதலால், ஒரு பிரதியை நம்பியிருப்பது பிரதியே இல்லாமைக்கு அண்மையது. அதிலும், கணினி இருக்கும் அதே அறையில் இருக்கும் பெட்டகம், பழுதிலிருந்து காக்குமேயன்றி நெருப்பிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காவாது. கரையோரத்து மக்களுக்கு இதனைச் சொல்லித் தரவேண்டியதில்லை. சிறிய வன்தட்டு ஒன்றில் இரண்டாம் பிரதி எடுத்து, வயல்வெளிக்கு அப்பால் சம்மாந்துறையில் வாழும் ராத்தாவின் வீட்டு அலுமாரியிலே வைத்துவிடலாம். நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அங்கே செல்லும்போது அதனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறை பெட்டகத்திலிருந்து பழைய படம் ஒன்றையேனும் திறந்து பார்ப்பதும் வேண்டும். தேவை வரும் நாளிலேதான் முதன்முறையாகத் தேடுவோம் என்றிருந்தால், பிரதி எடுப்பது நின்று பல மாதங்கள் ஆனதும் அன்றைக்கே தெரியவரும்.

ஆகவே நேயர்களே, 'காணப்படவில்லை' என்னும் வாசகம் அடுத்த முறை தோன்றினால், கையைச் சற்றே மடக்கிக்கொண்டு வரிசையாகக் கேளுங்கள்: மின்சாரம் உண்டா? ரவுட்டரின் பட்டியலிற் பெயர் உண்டா? இரண்டும் ஒரே தெருவிலா? இலக்கத்தால் அழைத்தால் வருகிறதா? மொழி ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் விடை கண்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். பெரும்பாலும், பெட்டகம் இருந்த இடத்திலேயே, வைத்ததை வைத்தபடியே காத்துக்கொண்டிருக்கும்.